ஆறாவது பல்லில் உடைந்த கம்பி

என் முதல் பட்டியல் கம்பிகளைப் பற்றியது. அப்போது எனக்கு ஒன்பது வயது இருக்கும். மராத்தி பேசும் நகரமொன்றின் தாபோடியில் அப்பாவுக்குக் கொடுத்திருந்த குவார்ட்டர்ஸின் பின்புறம், துணி காயப்போடும் இடத்தில், நானும் அக்காவும் கம்பி உடைத்து விளையாடுவோம். குறடு அப்பாவின் பெட்டியில் இருந்தது. அதைத் தொட்டால் அவருக்குத் தெரிந்துவிடும். அதனால் வளைத்து வளைத்துத்தான் உடைக்க வேண்டும். இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை, இரண்டும் சேர்ந்தால் ஒன்று என்பது என் கணக்கு. எண்ணி முடித்ததும் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுவேன். ஹேங்கர் கம்பி, பதினொன்று. ஊக்கு, ஆறு. குடையின் விலாக்கம்பி, இரண்டே இரண்டு.

உடைவதற்குச் சற்று முன்னால் வளைந்த இடத்தைக் கீழுதட்டில் வைத்தால் சுரீர் என்று சுடும். அந்தச் சூட்டுக்காகத்தான் அக்கா விளையாட வருவாள். நான் எண்ணிக்கைக்காக.

"எவ்ளோ நேரம்டி எண்ணுவே? ஒடச்சித் தொலையேன். அம்மா கூப்புடறாங்க."

"இரு, எட்டு ஆயிடுச்சு. இன்னும் மூணுதான்."

"மூணுன்னு ஒனக்கு யாரு சொன்னா? கம்பி வந்து சொல்லிச்சா?"

கம்பி சொல்லும் என்று நான் அப்போது நம்பினேன். வெளுக்கும், சுடும், தளரும், பிறகு உடையும். அந்த நோட்டு இப்போது எங்கே என்று தெரியவில்லை. பழைய பேப்பர்க்காரரிடம் போயிருக்கும்.

நான் பல் மருத்துவம் படித்து முடித்து வேலைக்குச் சேர்ந்தது அதே நகரத்தின் வானவடியில், ஒரு பேக்கரிக்கு மேல் முதல் மாடியில் இருந்த கிளினிக்கில். இரண்டே அறைகள். காலையில் கீழிருந்து அடுக்கடுக்காய் நொறுங்கும் காரி பிஸ்கட் வாசனை மேலே வரும், மேலிருந்து எங்கள் கிராம்பு எண்ணெய் வாசனை கீழே போகும், இரண்டும் படிக்கட்டில் சந்தித்துக்கொள்ளும். இன்றும் ஏதாவது பேக்கரியைத் தாண்டும்போது கிராம்பு வாசனை இல்லாதது எனக்கு ஒரு குறையாகவே படுகிறது.

கிளினிக்கின் சொந்தக்காரர் ஐம்பதைத் தாண்டிய மராத்திக்காரர். நாங்கள் மேடம் என்போம். பட்டாளத்துக் குடும்பங்கள் மூன்று தலைமுறையாக அவரிடம் பல் காட்டின. அவருக்குச் சில விதிகள் உண்டு. வாயைத் திறந்து வைத்திருப்பவரிடம் கெட்ட செய்தி சொல்லக் கூடாது. நாற்காலியை நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, பிறகுதான் சொல்ல வேண்டும். இது முதல் விதி. உதவிக்கு ஒரு அம்மாள் இருந்தார்; மாவ்ஷி, அதாவது சித்தி, என்று கூப்பிடுவோம். கருவி கழுவுவது, ஆட்டோகிளேவில் வேகவைப்பது, பஞ்சு உருட்டுவது, அழும் குழந்தையை அதட்டுவது எல்லாம் அவர்தான். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நான் தமிழில் யாருடன் பேசினாலும் கவனமாகக் கேட்பார், சரியான இடத்தில் தலையாட்டுவார்.

நான் சேர்ந்த புதிதில் ரூட் கேனல் முழுக்கக் கைவேலைதான். பல்லின் வேருக்குள் ஓடும் குழாய் மயிரிழை அளவுதான் இருக்கும். அதற்குள் ஃபைல் என்னும் மெல்லிய எஃகுக் கம்பியை விரலால் திருகித் திருகி உள்ளே விட்டு, அழுகிய நரம்பைச் சுரண்டி எடுக்க வேண்டும். ஒரு கடைவாய்ப்பல்லுக்கு மூன்று நான்கு தடவை வரவேண்டியிருக்கும். என் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ஃபைலின் பிடி பதிந்த பள்ளம் ஞாயிற்றுக்கிழமைகூட மறையாது. ஆனால் எஃகு நேர்மையானது. களைத்துப்போனால் அதன் முறுக்கு பிரியும்; அந்த இடம் மட்டும் பளபளக்கும். விளக்கில் காட்டிப் பார்த்து வெட்டிப் போட்டுவிடுவோம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு மேடம் ஒரு மோட்டார் வாங்கினார். கையால் திருகுவதற்குப் பதிலாக அது நிமிடத்துக்கு முந்நூறு தடவை சுற்றும். அதற்கான ஃபைல் நிக்கலும் டைட்டானியமும் கலந்த புது உலோகம். விரலில் சுற்றிவிட்டு விட்டால், ஒன்றும் நடக்காததுபோல் நேராகிவிடும். மாவ்ஷி அதை வாங்கி நாலைந்து தடவை வளைத்துப் பார்த்தார்.

"ஹீ தர் நாகீண் ஆஹே!" என்றார். நாகப்பாம்பே தான் என்கிறார்.

பாம்பாவது சீறும். இது எதுவுமே சொல்லாது. வளைந்த குழாய்க்குள் இது சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை இந்தப் பக்கம் வளைந்து ஒரு முறை அந்தப் பக்கம் வளைகிறது. உள்ளே நுண்ணிய விரிசல் வளர்ந்துகொண்டே போகும். வெளியில் பார்த்தால் புதிதுபோலவே இருக்கும். ஒருநாள் அறுந்துவிடும். படித்திருந்தேன், பரீட்சையில் எழுதியும் இருந்தேன்.

ஒவ்வொருவருக்கும் புது ஃபைல் என்பது அன்று எந்த கிளினிக்குக்கும் கட்டுப்படியாகாது. கழுவி, வேகவைத்துத் திரும்பப் பயன்படுத்துவதுதான் வழக்கம். எத்தனை தடவை என்பதில் ஆளுக்கொரு எண் இருந்தது. ஒருவர் ஐந்து என்பார், அடுத்த தெருக்காரர் பத்து என்பார். எங்கள் மேடத்தின் எண் எட்டு.

எண்ணுவது என் பொறுப்பு. யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். கட்டம் போட்ட தாளில் பட்டியல் தயாரித்து அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டினேன். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஓர் எண். ஒரு பல் முடிந்தால் ஒரு கோடு. நாலு கோட்டைக் குறுக்கே வெட்டினால் ஐந்து. எட்டாவது கோடு விழுந்ததும் ஃபைல் குப்பைக்குப் போகும், அதன் வரி சிவப்பு மையால் அடிக்கப்படும். வேறு கிளினிக்கிலிருந்து யாராவது வந்தால் மேடம் அலமாரியைத் திறந்து காட்டுவார். நான் கை கழுவுகிற பாவனையில் திரும்பிக்கொள்வேன். எனக்குப் பெருமைதான்.

அப்படி இருக்கையில், ஒரு மழைக்காலக் கடைசியில், ஒரு பெண் வந்தாள். கோயம்புத்தூர். ஹிஞ்சேவாடியில் சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டர். மற்றவர்கள் எழுதுவதில் தப்பு கண்டுபிடிப்பதுதான் தன் வேலை என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள். என் வயதுதான் இருக்கும். மதியம் ஷிஃப்ட், பன்னிரண்டரைக்கு கம்பெனி கேப் வானவடிக்கு வந்து அழைத்துப் போகும். கார்டில் என் பெயரைப் பார்த்துவிட்டு, தமிழில் பேசலாமா என்று கேட்டாள்.

கீழ் வலது கடைவாய்ப்பல். எக்ஸ்ரேயில் முன்வேரின் நுனியைச் சுற்றிக் கரிய நிழல். எலும்பு கரைந்திருந்தது.

"டாக்டர், இந்தப் பல்லை எப்படியாச்சும் காப்பாத்திக் குடுத்துருங்க. இடது பக்கம் காலேஜ் படிக்கறப்பவே ரெண்டு புடுங்கியாச்சுங்க. மெல்றதுக்கு எனக்கு இருக்கறது இந்த ஒரு பக்கந்தான். ஆறு வாரத்துல ஆன்சைட்னு வெளிநாடு போறேன், ரெண்டு வருஷம். அங்க பல் டாக்டரைப் பாக்க அப்பாயின்ட்மென்ட் வாங்கறதுக்குள்ள பல்லு தானா விழுந்துருமாமா."

"காப்பாத்தலாம். இன்னிக்கு இந்தப் பக்கம் யூஸ் பண்ணாதீங்க. சப்பாத்தி, பட்டாட்டா பாஜி எதுவும் வேணாம். சாஃப்டா சாப்பிடுங்க."

அவள் சிரித்தாள். "பட்டாட்டாவா? உருளைக்கிழங்குன்னு ஒண்ணு இருக்குதுங்க டாக்டர். அதைக் கேட்டா ரொம்ப வருத்தப்படும்."

எங்கள் வீட்டில் அது எப்போதும் பட்டாட்டாதான். அதற்கு முன் யாரும் அதைச் சுட்டிக்காட்டியதில்லை.

அடுத்த சனிக்கிழமை மோட்டாரை எடுத்தேன். நாலாம் எண் ஃபைல். பட்டியலில் அதற்கு ஐந்து கோடுகள். முன்வேரின் குழாய் நுனிக்கு அருகில் சற்றுக் கூடுதலாகவே வளைந்திருந்தது. இறங்கி, ஏறி, கழுவி, மறுபடி இறங்கினேன். சத்தம் எதுவும் கேட்கவில்லை. மோட்டாரின் ஓசை சட்டென்று இலேசானது, அவ்வளவுதான். மாடிப்படியில் இன்னொரு படி இருக்கிறது என்று நினைத்துக் கால் வைப்போமே, அப்படி இருந்தது கைக்கு. ஃபைலை வெளியே எடுத்து அளவுகோலில் வைத்தேன். மூன்று மில்லிமீட்டர் குறைந்தது.

மாவ்ஷி பார்த்துவிட்டார். பஞ்சை மாற்றினார்.

"ம்ம்?" என்றாள் அவள், திறந்த வாயோடு.

"அளவு பாக்க ஒரு எக்ஸ்ரே எடுக்கறேன்," என்றேன்.

அன்று ஃபிலிமைக் கழுவுவதற்கு எங்களிடம் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. இரண்டு பக்கமும் துணியால் ஆன சட்டைக்கை. அதற்குள் கைகளை நுழைத்துக்கொண்டு, தடவித் தடவி மருந்தில் முக்கி, வாய்க்குள் எண்ணிக்கொண்டு நிற்க வேண்டும். இருபது வரை எண்ணி எடுத்தேன். முன்வேரின் வளைவில் பாதி இமைமயிர் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. அதற்கு அப்பால் கரிய நிழல். நான் போய்ச் சேர வேண்டிய இடம் அந்த நிழல், வழியில் என் கம்பியே கதவடைத்துக்கொண்டு நின்றது.

மேடம் ஃபிலிமை ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "ஆஜ் நகோ ஸாங்கூஸ். ஆதீ பகூ," என்றார். இன்று சொல்லாதே, முதலில் பார்ப்போம். நோயோடு மருந்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது அவர் வாதம். அது தவறான வாதம் என்று இன்றும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று எனக்கு அது மிகவும் வசதியாக இருந்தது.

பல்லைத் தற்காலிகமாக அடைத்தேன். "இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு. வியாழக்கிழமை காலைல வாங்க," என்றேன். அவள் நன்றி சொல்லிவிட்டு கேப் பிடிக்கப் போனாள்.

வியாழக்கிழமைக்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் அன்று காலை ஒன்பதரைக்கு மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். மதியத்துக்கு மேல்தான் வரும். அதனால் வியாழன் காலையில் யாருக்கும் நேரம் கொடுக்க மாட்டோம். அலமாரி துடைப்பது, பஞ்சு உருட்டுவது, கணக்குப் பார்ப்பது. உடைந்த முனைக்கும் குழாயின் சுவருக்கும் நடுவே எங்காவது ஒரு சந்து இருக்கும். அதைக் கண்டுபிடித்து மிக மெல்லிய எஃகு ஃபைலைக் கையால் நுழைத்துத் தாண்டிப் போக வேண்டும். அதற்கு மோட்டார் தேவையில்லை. அவசரமில்லாத நேரம்தான் தேவை.

இடையில் இருந்த நாட்களில் அலமாரிக் கதவைப் பலமுறை திறந்து பார்த்தேன். ஐந்து கோடுகள். விதி எட்டு. ஆகவே என் தவறில்லை. டைரியில் காரணங்களைக் கூடப் பட்டியலிட்டேன்: ஃபைலின் தயாரிப்புக் குறை, குழாயின் வளைவு, கையழுத்தம். மூன்றாவதற்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன். முதலாவதற்குக் கீழே கோடிட்டேன்.

வியாழக்கிழமை மின்சாரம் போவதற்கு முன்னாலேயே நாற்காலியைச் சாய்த்து வைத்துவிட வேண்டும். போன பிறகு அது அசையாது. அதை நான் சரியாகச் செய்தேன். அவள் வந்த பிறகுதான் மேடத்தின் முதல் விதி நினைவுக்கு வந்தது: நிமிர்த்தி உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். நாற்காலி கட்டில்போலக் கிடந்தது. அவள் அதன் விளிம்பில் பக்கவாட்டில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டுக்கொண்டாள். தண்ணீர் கொடுத்தேன்.

"ஒரு விஷயம் சொல்லணும். போன தடவை உங்க பல்லுக்குள்ள ஃபைலோட முனை உடைஞ்சு நின்னுடுச்சு. மூணு மில்லிமீட்டர்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "இப்பவும் உள்ளதான் இருக்குதுங்களா?"

"ஆமா."

"சனிக்கிழமையே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அது சரி. நான் இந்த அஞ்சு நாளா, தமிழ் டாக்டர் கெடைச்சுட்டாங்க, தங்கமானவங்கன்னு எங்கம்மாகிட்ட போன்ல பாட்டுப் பாடிட்டு இருக்கறேன். அளவு பாக்க எக்ஸ்ரேன்னீங்களே, எதை அளந்தீங்க? என் ஏமாளித்தனத்தையா?"

மாவ்ஷி கையில் தட்டோடு அப்படியே நின்றார். இந்த முறை அவர் தலையாட்டவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரே தற்காப்பை எடுத்தேன். அலமாரியைத் திறந்து காட்டினேன். "எட்டு தடவை யூஸ் பண்ணலாம்ங்கறது எங்க ரூல். இது அஞ்சு தடவைதான் ஆயிருந்தது. உங்களோடது ஆறாவது."

அவள் இறங்கி வந்து, என் பட்டியலை அருகில் நின்று படித்தாள். கோபத்தில் இருப்பவள் படிப்பதுபோல் இல்லை. வேலையில் இருப்பவள்போல, மேலிருந்து கீழ், ஒவ்வொரு வரியாக.

"ஒரு கோடுன்னா என்னங்க கணக்கு?"

"ஒரு பல்."

"எல்லாப் பல்லும் ஒண்ணா? என் பல்லுல மூணு குழாய்னு நீங்கதானே படம் வரைஞ்சு காட்டினீங்க?"

"ஆமா, கடைவாய்ப்பல்னா மூணு. சிலதுல நாலு."

"முன்பல்லுக்கு?"

"ஒண்ணு. நேரா இருக்கும்."

"அதுக்கும் ஒரு கோடு, இதுக்கும் ஒரு கோடா?" அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இதை எங்க ஆபீஸ்ல யாராச்சும் குடுத்திருந்தா, திருப்பி அனுப்பிட்டு டீ குடிக்கப் போயிருப்பேனுங்க."

நான் பழைய கார்டுகளை எடுத்தேன். நாலாம் எண் ஃபைல் வேலை செய்த ஐந்து பற்களும் கடைவாய்ப்பற்கள். மூன்று, நாலு, மூன்று, மூன்று, நாலு. பதினேழு குழாய்கள், அவற்றில் பாதிக்கு மேல் வளைந்தவை. அதற்கு மேல் வரியில் இருந்த மூன்றாம் எண் ஃபைல் எட்டுக் கோடு வாங்கி, சிவப்பு மையோடு மரியாதையாக ஓய்வு பெற்றிருந்தது. அது பார்த்தவை எல்லாம் முன்பற்கள். எட்டே குழாய்கள்.

ஒன்பது வயதில், தாபோடியில், நான் எத்தனை ஹேங்கர் என்று எண்ணவில்லை. எத்தனை வளைவு என்றுதான் எண்ணினேன். எனக்குத் தெரிந்த விஷயம்தான் இது. கட்டம் போட்ட தாளும் சிவப்பு மையும் வந்த பிறகு, எண்ணுவதற்கு எளிதான ஒன்றை எண்ணத் தொடங்கியிருக்கிறேன்.

"என் தப்பு," என்றேன். "தப்பா எண்ணியிருக்கேன். சனிக்கிழமையே சொல்லாததும் தப்பு."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கீழே பேக்கரிக்காரர் யாருடனோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"செரி. இப்ப என்னதான் வழி?"

இருந்த வழிகளைச் சொன்னேன். அப்படியே விட்டு, எட்டும் வரை அடைத்துவிடலாம். நிழல் ஆறலாம், ஆறாமலும் போகலாம். கையால் தாண்டிப் போகப் பார்க்கலாம். முடியலாம், முடியாமலும் போகலாம். அல்லது வேறு ஒரு நிபுணரிடம் அனுப்புகிறேன், இன்றே கடிதம் தருகிறேன். எதுவும் சரிவராவிட்டால் பல்லை எடுக்க வேண்டி வரும்.

"தாண்டிப் போறதை யாரு பண்ணுவாங்க?"

"நான்தான். நீங்க சம்மதிச்சா."

"கரண்டே இல்லியே?"

"இதுக்குக் கரண்ட் வேணாம்."

அவள் நாற்காலியில் ஏறிப் படுத்தாள். "பண்ணுங்க. ஆனா இனிமே எது நடந்தாலும் அடுத்த நிமிஷம் எனக்குத் தெரியணும். வாய் தொறந்திருந்தாலும் செரி."

அப்படித்தான் அந்த வியாழக்கிழமைகள் தொடங்கின. நாற்காலியை ஜன்னல் பக்கம் தலை வருமாறு முன்பே தள்ளி வைத்திருந்தோம். மாவ்ஷி ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் பஞ்சுமாக நிற்பார். எங்களிடம் இருந்ததிலேயே மெல்லிய எஃகு ஃபைல், தடிமன் அளவில் எட்டாம் நம்பர். அதன் நுனியை மட்டும் இம்மியளவு வளைத்துக்கொண்டு, உடைந்த முனையைச் சுற்றிக் கடிகார முள்போல ஒவ்வொரு திசையாகத் தேட வேண்டும். கால் சுற்று, பின்வாங்கு, மருந்து விடு, மறுபடி கால் சுற்று. பல நாள் கழித்து என் விரல்களில் பள்ளம் திரும்பி வந்தது.

வாய் திறந்தே இருந்ததால் அவள் விரலால் பேசினாள். ஒரு விரல் என்றால் தண்ணீர். இரண்டு என்றால் ஓய்வு. மூன்று விரல் காட்டினால், வாயை மூடியதும் திட்டப் போகிறாள் என்று அர்த்தம். முதல் வியாழன் மூன்று விரல் பலமுறை உயர்ந்தது. ஓய்வு நேரத்தில் பேச்சு கேப் டிரைவரைப் பற்றிப் போகும், அவள் தங்கியிருந்த பேயிங் கெஸ்ட் வீட்டம்மா ஃப்ரிட்ஜைப் பூட்டி வைப்பதைப் பற்றிப் போகும். என் தமிழையும் அவள் விட்டுவைக்கவில்லை. "கச்ரா டப்பால போடு"வை, அதாவது குப்பைத் தொட்டியில் போடு என்பதை, எழுதி வைத்துக்கொண்டு கோயம்புத்தூரில் போய்ச் சொல்லப்போவதாக மிரட்டினாள்.

இரண்டாவது வியாழன் ஒன்றும் நகரவில்லை. மூன்றாவதும் அப்படியே. ஒவ்வொரு தடவையும், "இன்னிக்கும் போகல," என்று உடனே சொன்னேன். மேடம் வந்து பார்த்துவிட்டு, போதும், அடைத்துவிடு, இதற்கு மேல் தோண்டினால் வேரில் பக்கவாட்டில் ஓட்டை விழுந்துவிடும் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவளிடம் அதையும் சொன்னேன். அவள் கிளம்பப் பதினாறு நாள் இருந்தது.

"நீங்க என்ன நெனைக்கறீங்க?"

"கடைசி தடவை கை ஏதோ ஒரு இடத்துல லேசா பிடிச்ச மாதிரி இருந்தது. அது வேரோட சுவராவும் இருக்கலாம். நிச்சயமா சொல்ல முடியல."

"அடுத்த வியாழன் லீவு போடறேன்," என்றாள். "அன்னிக்கும் போகலைன்னா அடைச்சுருங்க."

நாலாவது வியாழன், அவள் படுத்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். உட்சுவரை ஒட்டி ஃபைலைத் திருப்பியபோது நுனியை ஏதோ பசைபோலப் பிடித்தது. சுவரில் முட்டினால் கல்போல இருக்கும், இது அப்படியில்லை. இழுத்தால் விடமாட்டேன் என்றது. கால் சுற்று. இன்னொரு கால் சுற்று. கம்பி இறங்கியது. ஆழத்தைக் குறிக்க அதில் மாட்டியிருந்த ரப்பர் வளையம் பல்லின் மேல் வந்து தொடும்வரை இறங்கியது.

"போயிடுச்சுன்னு நினைக்கறேன்," என்றேன். "எக்ஸ்ரே பாத்தாதான் நிச்சயம்."

அவள் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள். அதற்கு அர்த்தம் வைத்திருக்கவில்லை.

எக்ஸ்ரேவுக்கு மின்சாரம் வேண்டும். மணி பதினொன்றே முக்கால். ஃபைலை எடுத்துவிட்டு, வழியை அடைக்காமல் ஈரப்பஞ்சு வைத்துவிட்டுக் காத்திருந்தோம். மாவ்ஷி தன் டப்பாவைத் திறந்து, சோள ரொட்டியான பாக்ரியைத் தான் எடுத்துக்கொண்டு, வரண்-பாத்தை, அதாவது குழைந்த பருப்புச் சோற்றை, அவளுக்குக் கொடுத்தார். அவள் வந்த வழியெல்லாம் மராத்தியில் ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்றைச் சொன்னாள். மாவ்ஷி என் தமிழுக்குத் தலையாட்டுவதுபோலவே அதற்கும் தலையாட்டினார். மூவரும் ஜன்னலருகே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். எல்லோரும் சுற்றாத விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து வருடத்தில் அந்த கிளினிக்கில் நான் சாப்பிட்ட எத்தனையோ சாப்பாடுகளில் எனக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான்.

மூன்று மணிக்குக் கீழே பேக்கரியில் கூச்சல் எழுந்தது. விசிறி அசைந்தது. ஃபைலை மறுபடி நுழைத்தேன். வழி தெரிந்திருந்ததால் உடனே போனது. எக்ஸ்ரே எடுத்து, கறுப்புப் பெட்டியில் கைகளை விட்டு எண்ணினேன். வழக்கமாக இருபது. அன்று இருபத்தைந்து வரை எண்ணினேன்.

உடைந்த முனை அதே இடத்தில் இருந்தது. அதன் பக்கத்தில், ஒட்டிக்கொண்டு, என் எட்டாம் நம்பர் ஃபைல் வளைந்து இறங்கி நிழலின் வாசலில் நின்றது.

மாவ்ஷி எட்டிப் பார்த்தார். "காடீ புடே கேலீ!" என்றார். வண்டி தாண்டிப் போய்விட்டது.

அடுத்த வாரம் குழாயைச் சுத்தம் செய்து, நிரப்பி, பல்லின் மேல் உறை போட்டோம். முனையை வெளியே எடுக்க முடியவில்லை. அது உள்ளேயே நிரந்தரமாகத் தங்கியது. நிழல் மறையுமா என்பது குறைந்தது ஒரு வருடம் போன பிறகுதான் தெரியும். அவள் கிளம்பும் முன் ஒரு தாளில் அவளுக்காகப் பட்டியல் எழுதிக் கொடுத்தேன். எந்தப் பல், எந்த வேர், எவ்வளவு நீளத் துண்டு, எப்படி உடைந்தது, எப்போது மறுபடி எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று ஐந்து வரிகள். ஆறாவதாக: வலித்தால் எனக்கு உடனே எழுதவும். அவள் அதை மடித்துப் பாஸ்போர்ட் உறைக்குள் வைத்தாள்.

அலமாரிக் கதவில் புதுத் தாள் ஒட்டினேன். இப்போது ஒரு குழாய்க்கு ஒரு கோடு; வளைந்த குழாய்க்கு இரண்டு. வெட்டி எறிய வேண்டியவை சீக்கிரமே வந்துவிட்டன. மேடம் முதல் மாதம் முணுமுணுத்தார். பிறகு அவரே ஒருநாள், மிகவும் வளைந்த குழாய் என்றால் முடிந்ததும் எறிந்துவிடு, எண்ணாதே என்றார். வந்தவர்களுக்கு அலமாரியைத் திறந்து காட்டுவதை மட்டும் அவர் விடவில்லை. இப்போது பழைய தாளில் இருந்த தவறையும் சேர்த்துச் சொல்வார், யார் கண்டுபிடித்தது என்பதையும். நான் கை கழுவப் போவதில்லை.

அவளிடமிருந்து தகவல் இல்லை. முதல் வருடம் முடிந்தபோது நினைத்துக்கொண்டேன். இரண்டு வருடம் என்றவள் மூன்றாகியும் வரவில்லை. வலித்தால் எழுதச் சொல்லியிருந்தேன், வலிக்காவிட்டால் எழுதச் சொல்லவில்லை. வேறு யாராவது எடுத்தும் போட்டிருக்கலாம். அப்படியானால் எழுதியிருப்பாள்; மூன்று விரல் காட்டியிருப்பாள்.

நாலாவது வருடம் ஒரு வியாழக்கிழமை வந்தாள். கிளினிக்கில் இன்வெர்ட்டர் வந்திருந்தது, எக்ஸ்ரே கம்ப்யூட்டர் திரையில் தெரிந்தது, கறுப்புப் பெட்டியில் மாவ்ஷி வெங்காயம் வைத்திருந்தார். மாவ்ஷிதான் முதலில் அடையாளம் கண்டார். ஒரு கையின் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார்.

"என்னங்க டாக்டர், பட்டாட்டா சௌக்கியமா?"

"எங்க இருந்தீங்க? பல் எப்படி இருக்கு?"

"மொதல்ல நீங்க பாருங்க. டெஸ்டர் முடிவைச் சொல்லக் கூடாது."

படம் எடுத்தேன். திரையில் முன்வேரின் வளைவில் அந்த வெள்ளைக் கோடு, நான் விட்ட இடத்திலேயே. நுனியில் நிழல் இல்லை. அங்கே எலும்பு, மற்ற இடங்களில் இருப்பதுபோலச் சாதாரணமாக, வலைவலையாக வளர்ந்திருந்தது. நான் அதைத் திரையில் தொட்டுக் காட்டினேன்.

அவள் பையிலிருந்து தாளை எடுத்தாள். மடிப்புகள் நைந்து, ஒரு மடிப்பில் டேப் ஒட்டியிருந்தது. முதல் ஐந்து வரிகளுக்கு எதிரே பச்சை மையில் சரி போட்டிருந்தாள். ஆறாவது காலியாக இருந்தது.

"இதை மட்டும் டெஸ்ட் பண்ண முடியலைங்க. வலிக்கவே இல்லை."

வாய்க்குள் பார்க்கும் சிறு கண்ணாடியின் கைப்பிடியால் பல்லைத் தட்டிப் பார்த்தேன். அவள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

மூவரும் கீழே இறங்கியபோது அவள் பேக்கரியில் ஒரு பாக்கெட் காரி வாங்கினாள். மாவ்ஷிக்கு ஒன்று, எனக்கு ஒன்று கொடுத்துவிட்டு, தன்னுடையதை வலது பக்கம் தள்ளிக் கடித்தாள். நொறுங்கும் சத்தம் தெருவில் எனக்குத் தெளிவாகக் கேட்டது. கேப் டிரைவர்கள் இன்னும் அதே இடத்தில்தான் நிறுத்துகிறார்களா, பேயிங் கெஸ்ட் அம்மா ஃப்ரிட்ஜைத் திறந்தாரா என்று கேட்டுக்கொண்டே மென்றாள். நான் பதில் சொல்லிக்கொண்டே நடந்தேன். பிஸ்கட் தீர்ந்தபோது அவள் மென்ற எண்ணிக்கை எனக்குள் முப்பத்தொன்றில் நின்றிருந்தது. எப்போது தொடங்கினேன் என்று தெரியவில்லை.